தொண்டு நிறுவனமா, சங்கமா, சட்டமா, ஆய்வா? மக்கள் பணிக்கு வருகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண் போன மாதம் பேசினார். "அக்கா, ஒரு டிரஸ்ட்ல கூப்பிடுறாங்க, மாசச் சம்பளம் உண்டு. எங்க ஊர் கட்டடத் தொழிலாளர் சங்கத்துல முழுநேரமா வந்துடுன்னு சொல்றாங்க. அப்பா, சட்டம் படி, கையில ஒரு தொழில் இருக்கும்ங்கிறார். நான் என்ன பண்றது?"

இதே கேள்வியோடு வருடத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் பாதி சொல்லி, பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். நான் 2009-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஃபீல்டு ஒர்க்கராகச் சேர்ந்தேன். நாலரை வருடம் கழித்து அமைப்புசாரா தொழிலாளர் சங்கத்துக்கு வந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சட்டம் படிக்கவில்லை, ஆனால் வக்கீல்களோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்த நாட்கள் நிறைய. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும், அதை மறைக்கவும் இல்லை.

எதை வைத்து எடை போடுவது

"உனக்கு எந்தப் பிரச்சினையில் ஆர்வம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். காடு, குடிநீர், சாதிக் கொடுமை, குழந்தைத் தொழிலாளர் என்று எதில் ஆர்வம் இருந்தாலும் நாலு வழியிலும் அதற்கு வேலை இருக்கிறது. எனவே அதை வைத்து வழியை முடிவுசெய்ய முடியாது. நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? உங்கள் வேலையைப் பார்த்து "இது போதாது" என்று சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது? பணம் கொடுத்தவரா, சந்தா கட்டியவரா, நீதிபதியா? மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளை பிரிகிறது. இரண்டாவது, பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை மாதத்துக்கு வரும். மூன்றாவது, ஐந்து வருடம் கழித்து உங்கள் கையில் என்ன தொழில் இருக்கும். நான்காவது, பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும், அதுவரை அந்த இடம் உங்களை வைத்திருக்குமா. ஐந்தாவது, வீட்டார் கொடுக்க வேண்டிய விலை.

தொண்டு நிறுவனம்

நல்லதை முதலில் சொல்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். நிறுவனத்தில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். பிடித்தம் இருக்கும். கூட்டம் நடத்துவது, பேசியதை எழுதி வைப்பது, கணக்குக் காட்டுவது, அதிகாரியிடம் பதற்றமில்லாமல் பேசுவது என்று ஒரு ஒழுங்கு பழகும். நான் இன்றைக்குச் சங்கத்தில் எழுதும் மனுக்களின் வடிவம் அங்கே கற்றதுதான். கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்ணுக்கு, வீட்டில் "வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிக்கொள்ளும்படியான வாசல் பெரும்பாலும் இதுதான்.

இப்போது மறைந்திருக்கும் செலவு. பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளிநாட்டு நிதி என்றால் அது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். 2020-ல் வந்த திருத்தத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் தான் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. பெரிய நிறுவனத்திடம் வாங்கி ஒரு தாலுகாவில் நாலைந்து பேரை வைத்து ஓடிக்கொண்டிருந்த சின்ன அமைப்புகளுக்கு இது பெரிய அடி. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி வேறு மாதிரி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். பள்ளிக்குக் கழிவறை கட்ட, ஏரி தூர்வார, தையல் பயிற்சி தர அந்தப் பணம் கிடைக்கும். ஊர் மக்களைக் கூட்டிக்கொண்டு போய் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருவதற்கு எந்தக் கம்பெனியும் லேசில் பணம் கொடுக்காது. ஆக, உங்கள் அமைப்பு உரிமைக்குப் போராடுவதாகச் சொன்னாலும், கையிலுள்ள பணம் சேவை செய்யத்தான் விடும் என்ற நிலை வரலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அரூர்ப் பக்கம் மலையடிவாரக் கிராமங்களில், 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடும் வேலை. கிராம சபையைக் கூட்டி, வன உரிமைக் குழு அமைத்து, எந்தப் புளியமரம் யார் பாட்டன் காலத்திலிருந்து யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கிழவிகளிடம் கேட்டு எழுதி, கையால் வரைபடம் போட்டு, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பினோம். இரண்டு வருட ப்ராஜெக்ட். மார்ச் 31-ல் முடிந்தது. ஏப்ரல் முதல் வாரம் எனக்கு வேறு வட்டாரம், வேறு தலைப்பு: பள்ளி இடைநிற்றல். கடைசிக் கூட்டத்தில் ஒரு அம்மா தன் மனுவின் ஜெராக்ஸை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டி, "இதுக்குப் பதில் வந்தா யார்கிட்ட காட்டறது?" என்று கேட்டார். அலுவலக நம்பரைத்தான் எழுதிக் கொடுக்க முடிந்தது. தமிழ்நாட்டில் வன உரிமைப் பத்திரம் வழங்குவதற்கு இருந்த நீதிமன்றத் தடை நீங்கியதே 2016-ல்தான். எங்கள் ப்ராஜெக்ட் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் இறுதி அறிக்கையிலோ "மனு சமர்ப்பித்த குடும்பங்கள்" என்ற கட்டத்தில் எண் நிரம்பி, இலக்கு எட்டியாயிற்று என்று இருந்தது. அந்த நிறுவனத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள், யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறாக இருந்தது.

வீட்டைத் தாங்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் இருந்தால், தயங்காமல் இங்கே வாருங்கள். மனநலம், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான காப்பகம் போல, பயிற்சி பெற்ற ஆட்களும் கட்டடமும் தொடர்ந்து வேண்டியிருக்கும் வேலைகளுக்கும் இதுவே சரியான இடம். சங்கம் அதைச் செய்யப் போனால் அரைகுறையாகத்தான் செய்யும்.

சங்கம், மக்கள் இயக்கம்

அரூர்ப் பக்கம் என்றேன். அங்கேதான் வாச்சாத்தியும் இருக்கிறது. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அதை வெளியே கொண்டுவந்தது. அப்புறம் சி.பி.ஐ. விசாரணை. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீடு வந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்.

மொத்தம் 31 வருடம். மூன்று வருட ப்ராஜெக்ட்டாகப் போட்டால் பத்து முறை புதுப்பித்திருக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய பெண்கள் மிரட்டலுக்குப் பயப்படாமல் நிற்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வர, நடுவில் ஒரு தலைமுறை கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வளர்ந்த பிறகும் வழக்கை நினைவில் வைத்திருக்க, ஊரிலேயே வேர் பிடித்த ஒரு சங்கத்தால்தான் முடிந்தது. நான் சங்கத்துக்கு மாறியதற்கு இந்த ஊரை அடிக்கடி கடந்துபோனதும் ஒரு காரணம்.

இங்கே நீங்கள் பதில் சொல்வது சந்தா கட்டுகிறவருக்கு. மாதக் கூட்டத்தில் ஒரு சித்தாள் அக்கா எழுந்து, "போன மாசம் நலவாரிய அட்டை புதுப்பிச்சுத் தர்றேன்னீங்க, என்னாச்சு?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்பார். வியர்த்துவிடும். எந்த மேலாளரும் என்னை அப்படி வேலை வாங்கியதில்லை. அந்த அட்டை வந்த கதையும் சங்கங்களுடையதுதான். கட்டடத் தொழிலாளர்கள் விடாமல் அழுத்தியதில்தான் 1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முழுநேர ஊழியருக்குச் சங்கம் தருவது அலவன்ஸ், அதுவும் சந்தா வசூலைப் பொறுத்தது. பி.எஃப். கிடையாது. ராஜஸ்தானில் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பில் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த அருணா ராய் உள்பட முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியையே எடுத்துக்கொண்டார்கள். கிராமங்களில் பொது விசாரணை நடத்தி, மஸ்டர் ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் கூலிப் பட்டியலில்) செத்தவர் பெயரெல்லாம் இருப்பதை மக்கள் முன்னால் படித்துக் காட்டியவர்கள் அவர்கள். 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா. 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததற்கு அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் குறைந்தபட்சக் கூலியில் வாழ, ஊரில் சொந்த வீடோ, வேலைக்குப் போகும் துணையோ இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். இரண்டும் இல்லாமல் உணர்ச்சிவேகத்தில் வந்தவர்கள் மூன்றாம் வருடம் கடனோடு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வழக்கு. அனுமதியில்லாமல் கூடினார்கள், சாலையை மறித்தார்கள் என்று போடும் வழக்கு சின்னதாகத் தெரியும். ஆனால் அரசு வேலைக்குப் போனால் போலீஸ் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்க 1967 பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) இடம் தருகிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும். டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் மனதில் இருந்தால், முதலிலேயே சங்கத்தில் சொல்லிவிடுங்கள். மனு, கணக்கு, பயிற்சி என்று உள்வேலை எவ்வளவோ இருக்கிறது.

பெண்களுக்கு இன்னொன்று. சங்கக் கூட்டம் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குமேல்தான் ஆரம்பிக்கும். கடைசி பஸ் ஒன்பதேகாலுக்கு. முக்கியமான முடிவு எடுப்பது ஒன்பதரைக்கு. பஸ்ஸுக்கு ஓடுகிறவள் அந்த முடிவில் இருக்கமாட்டாள். நான் இரண்டு வருடம் சண்டை போட்டுக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்ற வைத்தேன். பெண்களே தலைமையில் இருக்கும் சங்கங்களில் இந்தப் பாடு இல்லை. திண்டுக்கல் பகுதியில் பஞ்சாலை, ஆயத்த ஆடைத் தொழிலாளப் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம், 2022-ல் பணியிடப் பாலியல் வன்முறைக்கு எதிராக ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. இளம்பெண்கள் யாராவது கேட்டால் அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்வேன்.

கட்சி சார்ந்த சங்கம் என்றால், தேர்தல் வரும்போது உங்கள் நேரம் கட்சிக்கு. அது உங்களுக்குச் சம்மதமா என்று சேருமுன் யோசியுங்கள், சேர்ந்த பிறகு புகார் சொல்வதில் நியாயமில்லை.

சட்டம்

அந்தப் பெண்ணின் அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. பட்டப்படிப்புக்குப் பிறகு மூன்று வருடம் சட்டம், பதிவு, அகில இந்திய பார் தேர்வு. அதன்பின் யாரும் பறிக்க முடியாத ஒரு தொழில் கையில் இருக்கும். ஆனால் வருமானம் உடனே வராது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் சீனியர்கள் தரவேண்டும் என்று சொன்னது. தாலுகா கோர்ட்டில் ஜூனியராகப் போகிறவர், கையில் எவ்வளவு வரும் என்பதைச் சீனியரிடம் வாயைத் திறந்து கேட்டுவிடுவதே நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு விதி: பார் கவுன்சில் விதி 49-இன்படி, பதிவுசெய்த வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருந்துகொண்டு தொழில் செய்யக்கூடாது. "டிரஸ்ட்டில் சம்பளம், கூடவே கோர்ட்" என்று திட்டம் போடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுநல வழக்கின் பலம் பெரிது. 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்காகப் போட்ட ஹுசைனாரா காதூன் வழக்கில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். 2001-ல் உணவு உரிமை வழக்கில்தான், பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போனது. நமக்கு அது ஏற்கெனவே பழக்கமானது, மற்ற பல மாநிலங்களுக்குப் புதியது. ஆனால் வழக்கு தனியாக நடக்காது. கையால் மலம் அள்ளுவதை எதிர்த்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003-ல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 2014-ல்: சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். 2023-ல் இன்னொரு தீர்ப்பில் அது 30 லட்சமானது. "எங்கள் மாநிலத்தில் அப்படி யாருமே இல்லை" என்று அரசுகள் சொன்னபோது, ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கணக்கெடுத்து நீதிமன்றத்தில் வைத்தது அந்த இயக்கத்துத் தொழிலாளர்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் வக்கீல் என்ன வாதாட முடியும்?

எனவே சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, முதலில் ஒரு வருடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருந்து பாருங்கள். வக்கீல் படிப்பு தேவையில்லை. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு என்பதையே ஊரில் பாதிப் பேர் அறியமாட்டார்கள். அதைச் சொல்லிக் கூட்டிப் போகும்போது, வாய்தாவின் பொறுமை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

ஆய்வு, கொள்கை அமைப்புகள்

மின்கட்டணம், நகர்ப்புறக் குப்பை, காற்று மாசு, டெண்டர் கணக்கு என்று ஆவணங்களைப் படித்து, ஒழுங்குமுறை ஆணையங்களில் கருத்துச் சொல்லும் வேலை. சென்னையில் 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. என்ற நுகர்வோர் அமைப்பு (அரசுத் தணிக்கைத் துறை இல்லை) இதற்கு நல்ல உதாரணம். எண்களோடு பழகத் தெரிந்தவருக்கு, கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவருக்கு இது அருமையான இடம். 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு என்று தொடங்கி, ஒரு துறையின் முழுக் கணக்கையும் பிரித்துவிடலாம். ஆனால் ஆங்கிலம் நன்றாக வேண்டும், சென்னையிலோ டெல்லியிலோ வாடகை கட்ட வேண்டும், இங்கும் பணம் நன்கொடையாளரிடமிருந்துதான். மக்களிடமிருந்து தூரம் போய்விடும் ஆபத்தும் உண்டு. வருடத்துக்கு ஒரு மாதமாவது ஃபீல்டுக்கு அனுப்பும் அமைப்பாகப் பாருங்கள்.

ஒரே பார்வையில்

| | தொண்டு நிறுவனம் | சங்கம் | சட்டம் | ஆய்வு |
|---|---|---|---|---|
| யாருக்குப் பதில் | நிதி தருபவர் | உறுப்பினர் | வழக்கை ஒப்படைத்தவர், நீதிமன்றம் | நிதி தருபவர், வாசிப்பவர் |
| வருமானம் | மாதச் சம்பளம், ப்ராஜெக்ட் முடியும்வரை | அலவன்ஸ், நிச்சயமில்லை | முதல் ஐந்து வருடம் சொற்பம், பிறகு கூடும் | ஓரளவு நல்ல சம்பளம் |
| கைத்தொழில் | அறிக்கை, கணக்கு, பயிற்சி | ஆள் சேர்ப்பது, பேச்சுவார்த்தை | வழக்கு நடத்துவது | தரவு, எழுத்து |
| காலம் | 1 முதல் 3 வருடம் | வாழ்நாள் வரை | ஒரு வழக்குக்கு 10 வருடம் ஆகலாம் | அறிக்கைக்கு ஒரு வருடம் |
| மறைந்த விலை | பாதியில் விட்டுப்போவது | வழக்கு, கடன், இரவுப் பயணம் | காத்திருப்பு, விதி 49 | மக்களிடமிருந்து தூரம் |

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது

அவர் வீட்டில் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான், அப்பாவுக்கு வேலை நிரந்தரமில்லை. அதனால் இரண்டு வருடம் டிரஸ்ட்டில் சேரச் சொன்னேன், கூடவே ஊர்ச் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினராகவும் ஆகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நலவாரிய விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். ஆள் திரட்டும் வேலை இருபத்தைந்து வயதுக்குள் பழகினால் உடம்பில் ஒட்டும். நாற்பதில் புதிதாகக் கற்க வந்தவர்கள் திணறியதைப் பார்த்திருக்கிறேன். தம்பி வேலைக்குப் போனபின், சங்கமா சட்டமா என்பதை அவரே முடிவுசெய்யலாம். குடும்பப் பொறுப்பு இல்லாதவர் என்றால் நேராகச் சங்கத்துக்கு வரச் சொல்லியிருப்பேன்.

டிரஸ்ட்டில் கேட்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தவை: ப்ராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது? முடிந்தபின் அந்த ஊர் மக்கள் யாரிடம் போவார்கள்? பி.எஃப். உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், அதில் யார் யார் இருக்கிறார்கள்? இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவரின் நம்பர் கிடைக்குமா? சங்கத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன வருட வரவு செலவைப் பொதுக்குழுவில் படித்தீர்களா?

அப்புறம் ஒரு காரியம். எதிலும் கையெழுத்துப் போடுமுன் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் போய், குறைதீர்க்கும் நாளில் வராந்தாவில் மதியம்வரை உட்காரச் சொன்னேன். நான் மேலே சொன்ன எல்லா வகை ஆட்களும் அங்கே வந்துபோவார்கள். போய்விட்டு வந்து இரவு பேசினார். முதியோர் பென்ஷனுக்கு வந்த ஒரு பாட்டிக்கு மனு எழுதிக் கொடுத்தாராம், பாட்டி ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்த திங்கக்கிழமையும் வருவியாம்மா?" என்று கேட்டாராம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.